வெள்ளைப் பூவுக்குப் பதில்

நூம்பலில் பூங்காவனத்தின் வீட்டில் விடியற்காலை பாத்ரூமுக்கு முந்துவது யார் என்பதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் நான்கு வருஷமாகப் போட்டி. கோழி கூவும் முன்பே பூங்காவனம் எழுந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். அவளுக்கும் முன்னால் எழுந்துவிட வேண்டுமென்று மருமகள் ஜெயப்பிரியா அரைத்தூக்கத்திலேயே கிடப்பாள். முந்தியவள் தன் துணியைத் தானே கசக்கிப் பிழிந்து, மொட்டைமாடிக் கொடியில் போர்வைக்குப் பின்னால் காயப்போட்டுவிட்டு வருவாள். பிந்தியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே நிற்பாள். இத்தனைக்கும் வீட்டில் வாஷிங் மெஷின் ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தது. தெரு ஜனமோ, மாமியாரும் மருமகளும் சுறுசுறுப்பில் ஒருத்தியை ஒருத்தி தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள் என்று மெச்சிக்கொண்டது. மெச்சுவதற்கு ஊருக்கு எப்போதாவது விவரம் தேவைப்பட்டிருக்கிறதா?

பூங்காவனத்துக்கு ஊரில் ஒரு பெயரும் உண்டு. நாலு பிள்ளை பெற்றவள், நாலும் வீட்டிலேயே, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல். கடைசிப் பிள்ளை ஜெகன், மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் வெளியே வந்துவிட்டான் என்று அவளே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். கல்யாண வீட்டிலும் சரி, சாவு வீட்டிலும் சரி, அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாலும் பரவாயில்லை என்று சுவரோரமாக நிற்பாள். நிலம் வைத்திருந்த குடும்பத்துத் திமிர், நிலமெல்லாம் பிளாட் ஆகிப் போன பிறகும் போகவில்லை என்று அவள் நாத்தனார் அஞ்சலை அதற்கு விளக்கம் சொல்வாள்.

அப்படிப்பட்ட மாமியாரிடம்தான் ஜெயப்பிரியா எட்டாம் மாதத்து வயிற்றோடு வந்து நின்று, இந்தப் பிரசவம் ஆபரேஷன்தான், தான் முடிவு செய்தாகிவிட்டது என்றாள்.

வீடு இரண்டுபட்டது. மூத்தவள் தர்ஷிணி சுகப்பிரசவம், ரெண்டாவது தானாக வழுக்கிக்கொண்டு வருமே, நல்ல வயிற்றைக் கத்திக்குக் கொடுக்க என்ன வேண்டுதலா என்று பூங்காவனம் கேட்டாள். வெள்ளானூரிலிருந்து ஜெயப்பிரியாவின் அம்மா போன் போட்டு அதையே கேட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கிளப்பிவிட்டிருப்பார்கள் என்று அஞ்சலை கண்டுபிடித்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் ஜெகன் ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று நின்றான். அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்றான் மனைவியிடம். அவளுக்கு என்னவோ பயம்மா என்றான் அம்மாவிடம்.

பயமாம். ஜெயப்பிரியாவுக்கு இருந்தது கோபம். சுகப்பிரசவம் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சுகத்தைக் கண்டவள் அவள் ஒருத்திதானே. தர்ஷிணி பெரிய தலையோடு பாதி வழியில் நின்றுவிட்டாள். முக்கு, முக்கு என்று நர்சுகள் கத்தினார்கள். கடைசியில் ஆயுதம் போட்டு இழுத்தார்கள். முன்னாலிருந்து பின்வாசல் வரைக்கும் கிழிந்தது. தையல் போட்டு, வயிற்றில் கத்தி படாமல் தப்பித்தாய் என்று வாழ்த்தி அனுப்பினார்கள்.

தையல் ஆறியது. அடக்கும் பலம் மட்டும் திரும்பி வரவில்லை. காற்று தன்னிஷ்டத்துக்குப் போனது. அவசரமென்றால் கக்கூசுக்குப் போய்ச் சேர்வதற்குள் மலமும் கொஞ்சம் போய்விடும். பிள்ளை பெற்றால் இப்படித்தான் போலிருக்கிறது, கொஞ்ச நாளில் சரியாகும் என்று முதலில் இருந்தாள். சரியாகவில்லை என்று தெரிந்தபோது வெட்கம் வந்து வாயை அடைத்துவிட்டது. எதை, எப்படி, யாரிடம் சொல்வது? அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கையைத் தூக்க வேண்டிய இடம் அது. குழந்தை தன்னை விட்டு இருக்கமாட்டேன் என்கிறது என்று சொல்லி வேலையை விட்டாள். கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள், சன்னதியில் நிற்கும்போது நடந்துவிட்டால் என்ன செய்வது? ஷேர் ஆட்டோவில் நாலு பேரோடு நெருக்கி உட்காரமாட்டாள். ராத்திரியில் புருஷனுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். மருமகளுக்கும் மாமியார் திமிர் ஒட்டிக்கொண்டது என்று அஞ்சலை சொன்னாள்.

இரண்டாவது உண்டானபோது பூந்தமல்லி ரோட்டில் புதிதாக ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனாள். அங்கே டாக்டர் சுதா, முதல் பிரசவத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்து, இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். காற்று, மோஷன் எல்லாம் அடக்க முடிகிறதா? முடியுது டாக்டர் என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு ஜெயப்பிரியா வெளியே வந்தாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனாள். பஸ்ஸும் வந்தது. ஏறாமல் திரும்பி வந்து, வரிசையை இடித்துக்கொண்டு உள்ளே போய், "முடியல டாக்டர்" என்றாள். அன்றைக்கு அவள் அழுத அழுகைக்கு நர்ஸ் கதவைச் சாத்த வேண்டியிருந்தது.

சோதித்துப் பார்த்த டாக்டர் எதையும் மறைக்கவில்லை. இன்னொரு தடவை கீழ்வழியாகப் பெற்றால் கிழியாமலும் போகலாம், கிழிந்தால் இருக்கிற கொஞ்ச பலமும் போகலாம். ஆபரேஷனும் பூப்பறிக்கிற காரியமில்லை, ரத்தம் போகும், புண் ஆற நாளாகும், அடுத்து ஒன்று பெற நினைத்தால் அதிலும் சிக்கல் வரலாம். ஏற்கெனவே அவஸ்தைப்படுகிறவளுக்கு ஆபரேஷன் நல்லது என்றுதான் தனக்குத் தோன்றுகிறது, ஆனால் உடம்பு உன்னுடையது, யோசித்துச் சொல் என்றார். ஜெயப்பிரியா யோசித்தாள். நாலு வருஷமாக அவளுடைய உடம்பைப் பற்றி அவளிடமே யோசிக்கச் சொன்ன முதல் ஆள் அந்த அம்மாதான்.

வீட்டில் அவள் முடிவை மட்டும் சொன்னாள். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. காரணம் இல்லாத பிடிவாதத்தை எந்த மாமியார் பொறுப்பாள்? ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு, பூங்காவனம் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள்.

"நானும் சொல்லல, நீயும் சொல்ல வோணாம். அம்மன் சொல்லட்டும். பூ கட்டிப் போட்டுப் பாப்போம்."

கல்யாணம், வீடு கட்டுவது, கிணறு தோண்டுவது என்று எதிலாவது மனம் ரெண்டுபட்டால் அந்தக் குடும்பம் எல்லையம்மனிடம் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வித்தியாசம் தெரியாமல் வாழையிலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூ அம்மன் வாக்கு. அதை மீறி அந்தக் குடும்பத்தில் ஒருவரும் இதுவரை அடுப்புக்கூட மூட்டியதில்லை. ஜெகன் பிளம்பிங் கடை வைக்கப் போகிறேன் என்றபோது வெள்ளைப் பூவுக்குப் பதில் சிவப்பு வந்தது, இன்றைக்கும் லேத்தில் நிற்கிறான்.

ஜெயப்பிரியா சரியென்றாள். அம்மன் பொம்பளைதானே, தெரியாதா என்ற நம்பிக்கை அவளுக்கு.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் கூட்டம் இருந்தது. அஞ்சலை முன்னாலேயே வந்து தூணோரம் இடம் பிடித்திருந்தாள். வெள்ளை வந்தால் சுகப்பிரசவம், சிவப்பு வந்தால் ஆபரேஷன் என்று பூங்காவனம் எல்லார் காதிலும் விழச் சொன்னாள். பூசாரி வேம்புலி நந்தியாவட்டையை ஒன்றிலும் அரளியை ஒன்றிலும் மடித்து உள்ளே வைத்து, கற்பூரம் காட்டினார். ஜெயப்பிரியா படியோரமாகவே நின்றாள். உள்ளுக்குள் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போம்மா, ஒண்ண எடுத்துக்கினு வா" என்று பூசாரி தர்ஷிணியை அனுப்பினார். குழந்தை போய் ஒரு பொட்டலத்தைத் தொட்டது, கையை எடுத்தது, மறுபடி அதையே எடுத்துக்கொண்டு ஓடி வந்து பாட்டியிடம் கொடுத்தது. பூங்காவனம் பிரித்தாள்.

வெள்ளை.

கோயிலில் ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. அஞ்சலை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஜெகன் நிம்மதியாக மூச்சு விட்டது ஜெயப்பிரியாவுக்குக் கேட்டது. பாவம், தன் தலையிலிருந்து பாரம் இறங்கியது அவனுக்கு. பூங்காவனம் அந்தப் பூவை மருமகள் தலையில் வைக்க வந்தாள்.

ஜெயப்பிரியா தலையைக் குனியவில்லை. மாமியாரைத் தாண்டி நடந்து சன்னதிக்கு நேராகப் போய் நின்றாள். நாலு வருஷமாக அவ்வளவு பக்கத்தில் அவள் போனதில்லை.

"அம்மா, நீ சொன்னது கேட்டுச்சு. ஆனா நான் அதும்படி செய்யப் போறதில்ல."

வேம்புலியின் கையில் மணி பாதியில் நின்றது. யாரோ அவள் பெயரைச் சொல்லி அதட்டினார்கள். அவள் திரும்பவில்லை.

"உனுக்கு யாரும் சொல்லல போலக்கீது. நானே சொல்றேன். இந்தக் கொழந்தயப் பெத்தப்போ பின்னாடி வரைக்கும் கிழிஞ்சுது. நாலு வருஷமா என்னால மலத்த அடக்க முடியல. அதான் உன் வாசலுக்கு வரல. திமிருன்னு சொன்னாங்க, சொல்லட்டும்னு கம்முனு இருந்தேன். இன்னொரு தபா கிழிஞ்சா ஆயுசுக்கும் துணி கட்டிக்கினு கெடப்பேன். எனுக்கு வலிக்குப் பயமில்ல. இந்த அசிங்கத்த மறச்சி மறச்சி வாழறதுக்குத்தான் பயம். நீ கோச்சுக்கினா கோச்சுக்கோ. என் வயித்த நான் அறுத்துக்கத்தான் போறேன்."

சொல்லி முடித்தாள். இத்தனை நாள் உள்ளே கல்லாகக் கிடந்தது கீழே விழுந்துவிட்டது. அது யார் காலில் விழுந்ததோ, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அம்மனிடம் கேட்டவர்களை வேம்புலி தன் ஆயுசில் எத்தனையோ பார்த்திருக்கிறார், பதில் சொன்னவளை இன்றுதான் பார்த்தார். பிறகு உள்ளே போய், மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து வந்து அவள் கையில் வைத்தார்.

"ரெண்டும் அம்மா காலாண்ட இருந்ததுதாம்மா" என்றார்.

அவள் அரளியைப் பிரித்துத் தானே தலையில் வைத்துக்கொண்டாள். பூங்காவனம் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

ஜெகன் கோயில் வாசலில் செருப்பைத் தேடுவதுபோல் வெகுநேரம் குனிந்திருந்தான். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல, பிரியா."

"நான் ஏன் தள்ளிப் படுக்கிறேன்னு நீங்க ஒரு தபா கேட்டிருக்கலாம் இல்ல."

அவன் பைக்கைத் தள்ளிக்கொண்டே அவளோடு வீடு வரை நடந்தான். எந்தத் தேதி, எந்த ஆஸ்பத்திரி என்று அவன் கேட்ட இரண்டு கேள்வியும் அன்றைக்கு அவளுக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு காலையும் கரையில் வைக்க ஆம்பிளைக்கு இவ்வளவு நாளாகிறது, என்ன செய்ய?

மறுநாள் விடியலில் ஜெயப்பிரியா எழுந்தபோது பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம். மாமியார் முந்திக்கொண்டாள். வழக்கம்போல் இவள் சண்டைக்குத் தயாராக வெளியே நின்றாள். கதவு திறந்தது. பூங்காவனம் கையில் பிழிந்த துணியோடு வெளியே வந்தாள். பழைய நூல்புடவையைக் கிழித்துப் பட்டையாக மடித்துத் தைத்த துணி, நாலைந்து. என்றைக்கும் அவள் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுதான் மாடியேறுவாள். அன்றைக்கு மறைக்கவில்லை. தீட்டு நின்று வருஷக்கணக்கான மனுஷிக்கு இந்தத் துணி எதற்கு என்று ஜெயப்பிரியா நினைப்பதற்குள் பூங்காவனம் பேசிவிட்டாள்.

"உள்ள வெந்நி வெச்சிகீறேன். நிதானமா குளி. இனிமே நீயே மொதல்ல போ."

அவ்வளவுதான். ஆபரேஷனைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் தேதி குறிக்க நர்சிங் ஹோமுக்குப் புறப்பட்டபோது கூடவே கிளம்பினாள். டாக்டர் எதிரே நாற்காலி இருந்தும் உட்காரவில்லை, கதவோரம் நின்றாள். பெரியவர்களுக்குச் சம்மதமா என்று டாக்டர் சுதா கேட்டபோது, "அவ ஒடம்பு, அவ சொன்னதுதான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நல்ல நட்சத்திரமாகப் பார்த்து வைக்கலாமா என்று ஜெகன் இழுத்தான். தான் தியேட்டரில் இருக்கும் நேரமே நல்ல நேரம் என்று டாக்டர் செவ்வாய்க்கிழமை காலையைக் கொடுத்தார்.

பெண் குழந்தை. அரைமணிக்குள் எல்லாம் முடிந்தது. ஆனால் அடுத்த இரண்டு நாள் ஜெயப்பிரியாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இருமினால் வயிறு பிளந்தது. எழுந்து நிற்பதற்கு ஜெகனின் தோளும் நர்சின் கையும் வேண்டியிருந்தது. நோகாமல் பிள்ளை பெற இதுவரை எந்த வழியும் கண்டுபிடிக்கப்படவில்லை. எந்த நோவைத் தாங்குவது என்பதையாவது தாங்கப்போகிறவளிடம் விட்டால் என்ன? அந்த நோவுக்கு நடுவிலும் அவள் போர்வைக்குள் தன்னைச் சோதித்துப் பார்த்துக்கொண்டாள். கீழே புதிதாக எதுவும் கிழியவில்லை. பழைய கேட்டுக்கு, உடம்பு தேறியதும் பயிற்சி உண்டு, தேவைப்பட்டால் வைத்தியமும் உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள்.

மூன்றாம் நாள் அஞ்சலை ஆப்பிளும் ரொட்டியுமாகப் பிள்ளை பார்க்க வந்தாள். அறையில் இருந்த ஒரே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். பூங்காவனம் வழக்கம்போல் சுவரோரம் நின்றாள். குழந்தையின் மூக்கு யார் ஜாடை என்பது முடிந்ததும் அஞ்சலை விஷயத்துக்கு வந்தாள். கோயிலில் நடந்ததை மனசில் வைத்துக்கொண்டு, சாமி வாக்கையே மீறியாச்சு என்று தொடங்கி, இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஒரு வலி தாங்காது, ஆனா நாக்கு மட்டும் நீளம் என்று முடித்தாள். பிறகு பேச்சுக்கு மகுடம் வைப்பதுபோல் அண்ணி பக்கம் கையை நீட்டினாள்.

"எங்க அண்ணியப் பாரு. நாலு பெத்துச்சு. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குமா? இன்னிக்கும் எப்பிடி நிக்கிது பாரு, தூணாட்டம்."

ஜெயப்பிரியா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பூங்காவனம் பேசினாள். குரல் உயரவில்லை.

"நான் ஏன் நிக்கிறேன்னு தெரியுமா அஞ்சலை உனுக்கு? ஜெகன் பொறந்தப்போ கர்ப்பப்பை கீழ எறங்கிப் போச்சு. உக்காந்தா துருத்திக்கினு வலிக்கும். தும்முனா, சிரிச்சா ஒண்ணுக்குப் போயிடும். உக்காந்த எடத்துல ஈரம் பட்டுடுமோன்னு முப்பது வருஷத்துக்கு மேல யாரூட்லயும் உக்காந்ததில்ல. துணி வெச்சிக்கினு கீறேன். கெத்துன்னு சொல்லிக்கினு திரிஞ்சீங்க, நானும் ஆமான்னு இருந்துட்டேன்."

ஜெயப்பிரியாவுக்கு விடியற்காலைகள் அத்தனையும் ஒரே அடியாக நினைவுக்கு வந்தன. ஒரே கதவுக்கு உள்ளும் வெளியுமாக, ஒரே காரணத்துக்காக, இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி வெறுத்துக்கொண்டு நின்ற நாலு வருஷம். மாமியார் மேல் இரக்கமும், அதைவிடப் பெரிதாக ஆத்திரமும் வந்தது.

"அப்பறம் எதுக்கு அத்தே என்னையும் அதே வழியில போவச் சொன்னீங்க?"

"பொம்பளன்னா அது இருக்கறதுதான்னு நெனச்சேன்டி" என்றாள் பூங்காவனம். "எங்கம்மாவும் உக்காரமாட்டா. அம்மன்கிட்ட வேண்டிக்கினேன், விளக்குப் போட்டேன். வாயத் தொறந்து இதுதான் எனுக்குன்னு ஒரு நாள் சொல்லல. நீ அங்க நின்னு சொன்னப்போ எனுக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு."

அவள் சுவரை விட்டு நகர்ந்தாள். கட்டிலின் விளிம்பில், மருமகளின் காலடியில், வெள்ளை விரிப்பின் மேல் உட்கார்ந்தாள். முகம் வலியில் சுருங்கியது. எழுந்திருக்கவில்லை. விரிப்பு ஈரமானால் ஆஸ்பத்திரியில் துவைத்துக்கொள்வார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அஞ்சலை ஒரு ஆப்பிளை எடுத்துத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். நாற்காலியில் முன்னால் நகர்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா எந்த ரூம்ல உக்காருது அண்ணி?"

பூங்காவனம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கீழ, மருந்துக்கடை பக்கத்துல. நாளைக்குக் காத்தால நான் போறேன். கூட வா."

ஜெயப்பிரியாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. தையல் சுரீரென்று இழுத்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.